டோப்பாவுக்கு அடியில்

லூசியன் பிகோவின் தலையில் இருந்தது அவனுடைய முடி அல்ல. பழுப்பு நிறத்தில், வகிடு எடுத்து, காதோரம் லேசாகச் சுருண்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. லியோனில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய டோப்பா. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருத்தர்கூடக் காட்டிக்கொண்டதில்லை. அவனுடைய முதலாளி, துப்பறியும் நிபுணர் சொலாஞ்ச் தெவோ, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்வையை அவன் புருவத்துக்கு மேலே ஏற்றியது கிடையாது. பாலத்தின் மேல் அடித்த காற்றில் அது ஒருமுறை எழுந்து உட்கார்ந்தபோது, அவள் ரொம்ப அக்கறையாக லுவார் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், நொயெமி ரூவே தன் வீட்டுச் சமையலறையில் சொன்ன முதல் வார்த்தைக்கே லூசியனுக்குக் காப்பி புரையேறியது.

"அந்தக் கிழட்டு டோப்பாவுக்கு இரக்கமே கிடையாதாமே மேடம்!"

லூசியனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"விசாரணை நீதிபதியைச் சொல்றாங்க," என்றாள் சொலாஞ்ச். "நீ காப்பியைக் குடி."

விறைப்பாகத் திரியும் பழைய காலத்து ஆசாமியை டோப்பா என்று திட்டுவது இந்த ஊர் வழக்கம்தான். லூசியனுக்கு அது தெரியாமலா? ஆனாலும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவனுக்குப் பகீர் என்றிருக்கும்.

நொயெமி அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாள். விஷயம் இதுதான். அவள் புருஷன் மர்செலான், ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல், தொழிற்சாலையின் பின் கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் ஜிராரை யாரோ மண்டையில் அடித்துப் போட்டுவிட்டார்கள். ஜிரார் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். அதற்கு முந்தின வாரம்தான் மர்செலானின் பையைச் சோதனை போடுகிறேன் என்று ஜிரார் நிறுத்தி, இரண்டு பேரும் கேட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அடி விழுந்த நேரத்தில் மர்செலான் தன் லேத்தில் இல்லை. எங்கே இருந்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

"திங்கட்கிழமை காலையில நீதிபதி முன்னாடி நிறுத்துறாங்க. அப்பவும் இப்படியே ஊமையா நின்னா நேரே ஜெயில்தான்னு வக்கீல் சொல்லிட்டார். ஜிரார் செத்துக்கித்துப் போயிட்டா..." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்டுப் பாக்கலையா?" என்றாள் சொலாஞ்ச்.

"கேக்காம இருப்பேனா? நேத்து ஸ்டேஷன்ல கொஞ்ச நேரம் பேச விட்டாங்க. நீ எப்படி இருக்கே, புள்ளை சாப்பிட்டுதா, ஒண்ணும் கிடையாது. ஃபோர்மேன் ரிட்டயர் ஆகுறார், பார்ட்டி, பரிசு, அதையே பேசிட்டுப் போயிட்டார் மேடம். எனக்கு வந்த ஆத்திரத்துல கம்பியைப் பிடிச்சு உலுக்கலாம் போல இருந்துச்சு."

லூசியன் குனிந்து சொலாஞ்சின் காதில், "பொம்பளை விவகாரமோ?" என்றான். மேசைக்கு அடியில் அவன் காலில் ஒரு உதை விழுந்தது.

நொயெமிக்குக் காது நன்றாகவே கேட்கும். "அவராவது, பொம்பளையாவது! லேத்துல மாட்டி வலது கட்டைவிரல் ரெண்டாப் பிளந்ததுலேர்ந்து, சட்டைக்குப் பட்டன் போடவே என்னைக் கூப்பிடுற மனுஷன். பட்டனே போடத் தெரியாத ஆளு எந்தப் பொம்பளை வீட்டுல போய்க் கழட்டுவார்?"

லூசியனுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

சொலாஞ்ச் எழுந்து சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல் மரத்தில் செதுக்கிய மீன் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"புள்ளைக்கு விளையாட்டுச் சாமானா?" என்றான் லூசியன்.

"அவர் செதுக்கினது. யாரையும் தொட விட மாட்டார்."

"வியாழக்கிழமை அவர் போட்டிருந்த பேன்ட் இருக்கா?" என்றாள் சொலாஞ்ச்.

"அழுக்குக் கூடையிலதான் கிடக்கு. இருங்க."

"மூணு நாளாவா?" என்று கேட்டுவிட்டான் லூசியன்.

நொயெமி இடுப்பில் கை வைத்தாள். "வியாழக்கிழமை எவளாவது துணி துவைப்பாளா? தொழிற்சாலை ஃபவுண்டரியில பித்தளையை உருக்கி ஊத்துற நாளாச்சே! மத்தியானத்துக்கு மேல கரி கொட்டும். தெருவுல ஒரு கொடியில துணி இருக்காது. வெள்ளிக்கிழமை துவைக்கலாம்னா போலீஸ்காரன் வந்து அவரை இழுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் எங்கே துவைக்கிறது?"

சொலாஞ்ச் பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்து மேசையில் தட்டினாள். கறுப்பு மணல் கொட்டியது. மாவு மாதிரி நைசாக இருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். ரேகை அப்படியே பதிந்தது.

"கடற்கரைக்குப் போயிட்டு வந்திருக்கார்," என்றான் லூசியன்.

"லேத் ஓட்டுறவன் மடிப்புல இரும்புச் சுருள் இருக்கணும். இது ஃபவுண்டரி அச்சு மணல்." அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். "வா. பார்ட்டிக்குப் போகலாம்."

*

அவர்களுடைய பழைய கார் சந்துக்குச் சந்து இருமிக்கொண்டு போயிற்று.

"லேத் ஆளுக்கு ஃபவுண்டரியில என்ன வேலை மேடம்?"

"டோப்பா."

ஸ்டியரிங்கில் இருந்த லூசியனின் கை மறுபடியும் தலைக்குப் போகப் பார்த்தது. கஷ்டப்பட்டு நிறுத்தினான். அவனுக்குத் தெரியாததா? அவன் அப்பா அந்தத் தொழிற்சாலையில் டோப்பா போட்டுச் செய்த காற்றின் திசை காட்டும் சேவல் இன்னமும் வீட்டுக் கூரையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலாளியின் நேரத்தில், முதலாளியின் மெஷினில், கழிவாகக் கிடக்கும் துண்டு உலோகத்தில், தனக்கென்று ஒரு சாமானைச் செய்துகொள்வதற்கு அங்கே பெருக் என்று பெயர். அதாவது, டோப்பா. மேலே பார்த்தால் கம்பெனி வேலை. உள்ளே சொந்த வேலை. மெழுகுவத்தித் தண்டு, குழந்தைக்குத் தள்ளுவண்டி, மாமியாருக்கு இஸ்திரிப்பெட்டி வைக்கும் தட்டு, எல்லாம் இப்படித்தான் பிறந்தன. ஃபோர்மேன் அந்தப் பக்கமாக வந்தால் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ச்சி செய்துகொண்டே போய்விடுவார்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்தான். தொழிற்சாலைக்குப் புது டைரக்டர் வந்தார். திரைச்சீலைக் கம்பி ஒன்றுக்காக இரண்டு பேரை வசந்த காலத்தில் திருடர்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் அந்தச் சொல்லைத் தொழிற்சாலைக்குள் யாரும் உச்சரிப்பதில்லை. வேலை மட்டும் நடந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப மர்செலான் அந்த நேரத்துல ஃபவுண்டரியில டோப்பா போட்டுட்டு இருந்திருக்கார். அங்கே இருந்தவங்க எல்லாரும் பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்க."

"ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

"சொன்னா எல்லாருக்கும் சீட்டு கிழியும்," என்றாள் சொலாஞ்ச். "அதான் அவர் வாயைத் திறக்கலை."

லூசியன் கியரை மாற்றினான். "நம்ம வேலை முடிஞ்சுது போலிருக்கே மேடம். உண்மை தெரிஞ்சுபோச்சு. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"ஆளு பேச மாட்டான் சரி. அவன் செஞ்ச சாமான் பேசும் இல்லையா? அது எங்கேன்னு பாப்போம்."

*

ஃபோர்மேன் ஃபயோலின் பிரிவுபசாரம் ஒர்தான்ஸ் அம்மாளின் கஃபேயில் நடந்தது. வாசலில் நின்ற டைரக்டரின் கறுப்புக் காரைப் பார்த்ததும் லூசியன் விசிலடித்தான்.

உள்ளே சிவப்பு ஒயின், உலர்ந்த சாசேஜ், நடுவில் ரோஸ் நிறச் சர்க்கரை பாதாம் பரப்பிய, டார்ட் என்ற பெரிய தட்டைக் கேக். ஐம்பது பேர் விசேஷ நாள் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டர் இருந்ததால் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மெதுவாகப் பேசினார்கள்.

சொலாஞ்ச் நேரே கவுன்டருக்குப் போனாள். ஒர்தான்ஸ், கையகலத் துணியால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால், பாட்டில்களுக்கு நடுவே, ஒரு பித்தளைக் கோழி.

"அழகா இருக்கே. எங்கே வாங்கினீங்க?"

"என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனப்ப சிநேகிதங்க குடுத்தது. முப்பது வருஷம் அச்சு போட்ட மனுஷன். அவருக்கே அச்சு போட்டுக் குடுத்தாங்க." ஒர்தான்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "லியோன்ல வாங்கினது. அப்படித்தான் சொல்லணும்."

சொலாஞ்ச் கோழியைக் கையில் எடுத்துப் புரட்டினாள். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அடியில் மட்டும் சொரசொரப்பு. அதன் நடுவில், பித்தளையில் பதிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று.

"இது?"

"அது வழக்கம். அச்சுக்கு மரத்துல மாதிரி செதுக்கி எடுத்துட்டு வர்றவன், பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி, அடிப்பக்கத்து மணல்ல தன் விரலை ஒரு அழுத்து அழுத்துவான். பேரெழுதக் கூடாதில்லே? அதான் கையெழுத்து. மணல்ல குழி. பித்தளை ஊத்தினா ரேகை."

"மணல்ல வெச்ச விரல் எத்தனை நாள் அப்படியே இருக்கும்?"

"நாளா? நல்லா கேட்டீங்க போ. ஈரம் காஞ்சா உதிர்ந்துடும். விரலை வெச்ச சூட்டோட ஊத்தணும்."

"ஃபோர்மேனுக்கு என்ன பரிசு?"

ஒர்தான்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மீனு. அவர் மீன் பிடிக்கிற கிறுக்கு இல்லையா! போன வாரம் ஊத்தினப்ப வாலு உடைஞ்சு போச்சாம். இந்த வியாழக்கிழமைதான் மறுபடியும் ஊத்தினாங்க."

லூசியனுக்குச் சமையலறை அலமாரியில் வாலைத் தூக்கி நின்ற மரமீன் கண்ணில் வந்தது. வியாழக்கிழமை மட்டும்தான் பித்தளை ஊற்றுகிறார்கள், ஊருக்கே தெரியும். அதற்குச் சாட்சி தெருவில் துணியே இல்லாத கொடிகள். அந்த மீனின் அடியில் கவண் மாதிரி பிளந்த ஒரு கட்டைவிரலின் ரேகை இருந்தால், வாட்ச்மேன் மண்டை உடைந்த நேரத்தில் அந்த விரலுக்குச் சொந்தக்காரன் ஃபவுண்டரி மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம்!" என்று கிசுகிசுத்தான். "யாரும் வாயே திறக்க வேண்டாம். பித்தளையே சாட்சி சொல்லுது. போனா அவர் வேலை ஒண்ணு போகும். ஜெயில் போக மாட்டார்."

"அதைப் புரட்டிப் பாக்கணும்," என்றாள் சொலாஞ்ச். "ஐம்பது பேர் பாக்க, டைரக்டர் பக்கத்துல இருக்க, எப்படிப் புரட்டுறது?"

அதற்குள் கைதட்டல் எழுந்தது. பெரஷ் என்ற தடித்த ஆள், ஃபவுண்டரி அச்சுக்காரன், துணியில் சுற்றிய பரிசைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தான். பித்தளை மீன் வாலைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற மாதிரி நின்றது. அச்சு அசலாக அந்த மரமீன்தான். ஃபயோல் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார் டைரக்டர். "எங்கே வாங்கினீங்க?"

"லியோன்ல," என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஃபயோல் சமாளித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நான் ஆத்துக்குப் போனா மீனை விடச் சிக்குதான் அதிகம் கிடைக்கும். தூண்டில் நரம்பு சுத்திக்கிட்டு ஒரே டோப்பாவா ஆயிடும். அதை உக்காந்து அவிழ்க்கிறதுக்குத்தான் இனிமே எனக்கு நேரம்..."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சொல் டைரக்டரின் முன்னால் விழுந்ததும், அது தூண்டில் சிக்கல்தான் என்று தெரிந்தும், பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். லூசியனின் கையும் மேலே போயிற்று. நடுவழியில் நின்றது.

அவன் சொலாஞ்சைப் பார்த்தான். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் ஒரு நல்ல உதவியாளன் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அவனோடு பழகிய ஆட்கள் அங்கே பாதிப் பேர். அவர்களுக்கு முன்னாலா? கடவுளே, என்று நினைத்துக்கொண்டான். பட்டன் போடத் தெரியாத அந்த மனுஷனும் நினைவுக்கு வந்தான்.

"ஃபோர்மேன் ஐயா!" என்று உரக்கக் கூப்பிட்டு மேசை அருகே போனான். கிளாஸைத் தூக்கினான். "எங்கப்பா உங்க கீழ வேலை பாத்தவர். அவர் சார்புல ஒரு வணக்கம்!"

சொல்லிவிட்டு, ராஜாவுக்கு முன்னால் குனிகிறவன் மாதிரி மடங்கிக் குனிந்தான். தலையை ஒரு வெட்டு வெட்டினான். லியோன் டோப்பா கழன்று, ரோஸ் டார்ட்டின் நடுவில் போய் உட்கார்ந்தது.

சிரிப்பு வெடிக்கும் என்று எதிர்பார்த்தான். எல்லாரும் அவன் தலையைப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் மேடம் வேலையை முடித்துவிடுவாள் என்பது கணக்கு.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஐம்பது தலைகளும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பின. சிலர் ஜன்னலை ஆராய்ந்தார்கள். சிலருக்குக் கூரை பிடித்துப்போயிற்று. பெரஷ் தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். டைரக்டர்கூட, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி பார்த்தார். இத்தனை வருஷம் பழகிய பழக்கம். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

அந்த அறையில் மேசையைப் பார்த்த கண்கள் நான்குதான். சொலாஞ்ச் மீனை எடுத்தாள். புரட்டினாள்.

அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

ரேகை இல்லை. சொரசொரப்பு இல்லை. அரத்தால் ராவி, நைஸ் தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசியிருந்தார்கள். லூசியன் அதில் தன் மொட்டைத் தலையைத்தான் பார்த்தான். இதற்காகவா, என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

*

கொல்லையில் ஒர்தான்ஸ் வளர்க்கும் மரம் ஒன்று இருந்தது. கிளையெல்லாம் சிவந்த பஞ்சு மாதிரி நுரைத்துப் பூக்கும் அதை டோப்பா மரம் என்பார்கள். அதன் கீழே வைத்துச் சொலாஞ்ச், பெரஷை மடக்கினாள். லூசியன் டார்ட் பிசுபிசுத்த டோப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டிருந்தான். மரத்தைப் பார்த்தான். இப்போது எதற்கும் அவன் கை தலைக்குப் போகவில்லை.

"அடியை ராவினது யாரு?" என்றாள் சொலாஞ்ச்.

பெரஷ் தரையைப் பார்த்தான்.

"அந்த ரேகை அவரை வெளியே கொண்டாந்திருக்கும்ப்பா. உங்க யார் பேரும் அதுல இல்லை. அவர் விரல் மட்டும்தான் இருந்துச்சு."

"அதுல பித்தளை ஊத்தினது யாரு மேடம்?" என்றான் பெரஷ். "அதுவா நடந்து வந்து அச்சுல இறங்குச்சா? போலீஸ்காரன் அடுத்த கேள்வி அதைத்தானே கேப்பான்? அடுப்புல நின்னது யாரு, தேய்ச்சது யாரு, கேட்டைத் தாண்டிக் கொண்டாந்தது யாரு? முப்பது குடும்பம். ஃபோர்மேனோட மகனே பாலிஷ் பட்டறையிலதான் இருக்கான்."

"அதனால சிநேகிதனைக் கை கழுவிட்டீங்க," என்றான் லூசியன். நக்கலாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் உடைந்து வந்தது.

பெரஷ் அவன் சட்டையைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்தான். அப்புறம் கை தொங்கிப்போயிற்று. "நானா கழுவினேன்? அப்படியே வெச்சிருக்கணும்னுதான் இருந்தேன்டா. எதுக்காவது உதவும்னு. அவனே சொல்லி அனுப்பினான். அடியைத் தேய்ச்சிடுன்னு. ராத்திரி அரத்தைக் கையில வெச்சுக்கிட்டு எத்தனை நேரம் உக்காந்திருந்தேன்னு என் பொண்டாட்டியைக் கேளு. அவன் சொல்லிட்டான். என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"இப்ப நீங்களாவது வந்து சொல்லலாமில்லே?" என்றாள் சொலாஞ்ச். "உங்க ஃபோர்மேன் சொல்லலாம். அவரை இனிமே யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது."

பின்வாசலில் ஃபயோல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. மீனை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"அவன் லேத்துல இல்லைன்னு போலீசுக்குச் சொன்னது நான்தாம்மா," என்றார். "இருந்தானான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். நான் ஜன்னலைத்தான் பாத்துட்டுப் போனேன், எப்பவும் போல. எங்கே போனான்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். எனக்குக் குடுக்குற சாமானைச் செய்யத்தான் போயிருக்கான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? யாரும் சொல்ல மாட்டாங்களே!" அவருக்குக் கண்ணீர் மீசையில் இறங்கியது. "இப்ப நான் போய்ச் சொன்னா, என் பையன்லேர்ந்து ஆரம்பிச்சு எல்லாரையும் நானே காட்டிக் குடுக்கணும். அவன் அதைத் தடுக்கத்தான் உள்ளே உக்காந்திருக்கான். ஜிரார் கண்ணு முழிச்சா யார் அடிச்சாங்கன்னு சொல்லிடுவான். டாக்டரு என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னு சொல்றார்," என்றாள் சொலாஞ்ச்.

மழை தூற ஆரம்பித்தது. பெரஷ் உள்ளே போகத் திரும்பினான்.

"யார் மூலமா சொல்லி அனுப்பினார்?" என்றாள் சொலாஞ்ச். "போலீஸ் காவல்ல இருக்கிற ஆளு. வக்கீலா?"

பெரஷ் கொல்லைக் கதவையே பார்த்தான். அங்கே நொயெமி நின்றிருந்தாள். தலையில் முக்காடு, இடுப்பில் தூங்கும் குழந்தை, கையில் ஒரு துணிப்பை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நடந்தே வந்திருக்கிறாள்.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்?" என்றாள். மீனைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அட, முடிச்சிட்டீங்களா? பெரஷ் அண்ணே, அடியையும் தேய்ச்சீங்களா? நேத்து அவர் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார் மேடம். ஃபோர்மேனுக்குக் குடுக்குறது, அடியும் பளபளன்னு இருக்கணும், சொரசொரப்பு ஒரு துளி இருக்கக் கூடாது, இன்னைக்கே போய்ச் சொல்லிடு, மறக்காதேன்னு. உள்ளே இருக்கிற மனுஷனுக்கு இந்தக் கவலைதானான்னு எனக்கு அவ்வளவு கோபம். ஆனாலும் நேரே ஸ்டேஷன்லேர்ந்து ஓடிப்போய் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

ஃபயோல் மீனைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். பெரஷ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

நொயெமி ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். "ஏன் மேடம்? நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா?"

லூசியன் சொலாஞ்சைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள்.

"இல்லம்மா," என்றாள். "அவர் சொன்னபடியேதான் சொல்லியிருக்கே."

"அப்ப திங்கட்கிழமை?"

"நானும் கூட வரேன்," என்றாள் சொலாஞ்ச். லூசியனுக்குத் தெரிந்து, அவள் ஒரு கட்சிக்காரரிடம் இப்படி ஒன்றுமே இல்லாத பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லூசியனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு ஜோக், ஒரு பொய், எதுவாக இருந்தாலும் போதும். மழைத்துளி மொட்டைத் தலையில் விழுந்து பிடரியில் இறங்கியது.

நொயெமி அவன் தலையைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஐயோ, நனையறீங்களே! உங்களுக்குக் குளிருமே தம்பி." துணிப்பைக்குள் கையை விட்டாள். ஸ்டேஷனில் கொடுப்பதற்காக மடித்து எடுத்து வந்திருந்த சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை உருவினாள். "இது அவரோடது. போட்டுக்கங்க. திங்கட்கிழமை வந்து அவரே உங்ககிட்ட வாங்கிக்குவார்."

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எட்டி, தன் கையாலேயே அதை அவன் காது வரைக்கும் இழுத்து விட்டாள். தொப்பி அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியாக இருந்தது.